வெள்ளை மூன்று, சிவப்பு இரண்டு

பேத்திக்கு இரண்டு இடத்தில் சீட் கிடைத்திருந்தது. கோயம்புத்தூரில் வேளாண்மை, அவள் ஆசைப்பட்டது. கோவில்பட்டியில் வணிகவியல், வீட்டிலிருந்து பஸ்ஸில் ஒன்பதாவது நிறுத்தம். தகப்பன் இல்லாத பிள்ளை, முடிவு என் கையில் இருந்தது. கோயம்புத்தூருக்குச் சாதகமாகப் பதினான்கு காரணங்கள் எழுதினேன். உள்ளூருக்கும் பதினான்கு வந்தன.

கோயம்புத்தூர் சீட்டைக் கடைசி நாள் மாலை ஐந்து மணிக்குள் போனில் உறுதி செய்ய வேண்டும். அதற்கான ரகசிய எண் என் போனுக்குத்தான் வரும். அன்றைக்கு அவளையும் கூட்டிக்கொண்டு, கரிசல் காட்டு நடுவே இருக்கும் எங்கள் குலசாமி கோயிலுக்குப் பூக்கட்டிப் பார்க்கப் போனேன். வெள்ளைப் பூ வந்தால் கோயம்புத்தூர், சிவப்பு வந்தால் உள்ளூர். இரண்டையும் தனித்தனியே இலையில் பொதிந்து சாமி முன்னால் போட்டு, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாளை எடுக்கச் சொன்னேன். வெள்ளை வந்தது.

பேத்தி கையை நீட்டினாள். "போனக் குடுங்க தாத்தா."

"இரு. அந்தம்மா இடது கையால எடுத்துட்டா."

மறுபடியும் பொதிந்தேன். சிவப்பு. மூன்றாவது தடவை வெள்ளை. ஐந்து தடவை பார்த்தால்தான் மனசு ஒப்பும் என்றேன்.

ஆட்டுக்கார அம்மாள் சிரித்தாள். "என்ன அண்ணாச்சி, சாமிக்கே பரீட்சை வைக்குதீங்களா? ஆடு அங்கன பருத்தியில விழுந்துட்டு, நான் போறேன்."

"தாத்தா, மணி நாலே முக்கால்."

"பொறு. அவசரப்பட்டுத்தான் உங்கப்பன் கெட்டான்."

நான்காவதை நானே எடுத்தேன். சிவப்பு. ஐந்தாவது வெள்ளை. வெள்ளை மூன்று, சிவப்பு இரண்டு. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தபோது ஐந்து அடித்து நான்கு நிமிடம் ஆகியிருந்தது.

அவள் அழவில்லை. "எண்ணிக்கை சரியா வந்துட்டா?" என்று மட்டும் கேட்டாள்.

உள்ளூரில் படித்து முடித்தாள். இப்போது புதியம்புத்தூரில், தைத்த சட்டைகளை எண்ணிக் கட்டி அனுப்பும் வேலை.

போன மாதம், இனியும் தள்ளிப்போட்டால் என் கண்ணில் இருக்கிற பார்வையும் போய்விடும் என்றார் டாக்டர். ஆபரேஷனைத் திருநெல்வேலியில் செய்வதா, மதுரையிலா என்று பதினோரு நாள் யோசித்தேன். பன்னிரண்டாம் நாள், "நீயே சொல்லு தாயி" என்று அவளிடம் கேட்டேன்.

உள்ளே போனவள் இரண்டு இலைப் பொட்டலங்களைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். ஒன்றைப் பிரித்தேன். ஒன்றுமில்லை. மற்றதையும் பிரித்தேன். கண்ணுக்குத்தான் தெரியவில்லையோ என்று இலையை விரலால் தடவிப் பார்த்தேன். காலி.

"இன்னும் மூணு தடவ இருக்கு தாத்தா," என்றாள். "மெதுவா எடுங்க."