உலைக்குப் போன பல்சக்கரம்

இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் அல்சூர் பக்கம் இருந்த எங்கள் வார்ப்புப் பட்டறைக்கு அடித்த யோகத்தை அண்ணன் சாகும்வரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அந்தப் பேச்சைக் கேட்டாலே எரிச்சல் வரும்.

அதுவரை கரும்பாலைக்குப் பல்சக்கரமும் உருளையும் வார்த்துப் பிழைத்தவர்கள் நாங்கள். பட்டாளத்தார் கைக்குண்டுக்கு இரும்பு ஓடு கேட்டார்கள். உலை ஓயவே இல்லை. பக்கத்து மர்பி டவுனிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் எல்லார் கையிலும் காசு புரண்டது. அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் அரிசி இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, வெல்லம் கண்ணிலேயே படவில்லை. ஊரே குண்டு செய்தால் வெல்லம் யார் காய்ச்சுவது என்று அண்ணனிடம் கேட்டேன். வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார் என்றார்.

அப்போதுதான் ஆனேக்கல் பக்கத்து விவசாயி ஒருவர் உடைந்த பல்சக்கரத்தை வண்டியில் கொண்டுவந்தார். கரும்பு முற்றி நிற்கிறது, ஆலை ஓடவில்லை, இதே அளவில் ஒன்று வார்த்துக் கொடுங்கள் என்றார். இரும்பு பட்டாள வேலைக்கு மட்டும்தான் என்று உத்தரவு. இருந்தும், எப்படியாவது பார்க்கிறேன் என்று சொல்லி, அளவுக்காகச் சக்கரத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இரண்டு முறை வந்து வெறுங்கையோடு திரும்பினார். மூன்றாம் முறை, சக்கரத்தையாவது கொடுங்கள், வேறு ஊரில் பார்த்துக்கொள்கிறேன் என்றார். தேடினேன். முந்தின வாரம் இரும்பு போதாமல் போனபோது, பழைய இரும்போடு அதையும் அண்ணன் உலையில் போடச் சொல்லியிருந்தார். அதை அவரிடம் சொன்னேன்.

அவர் குவியலிலிருந்து குண்டு ஓடு ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"அந்தச் சக்கரம் எங்கப்பா காலத்துலருந்து ஓடுச்சுண்ணா. இது எத்தன நாளைக்கு வரும்?"

"ஒரே தடவதான்," என்றேன்.

கரும்பு வயலிலேயே காய்ந்தது. கோடையில் அவரே கூலி வேலை கேட்டு வந்தார். அண்ணன் உடனே சேர்த்துக்கொண்டு, உலைக்குப் போகும் பழைய இரும்பை உடைக்கச் சொன்னார். சம்மட்டியை எடுத்துக் கொடுத்தவன் நான். ஓடாமல் நின்றுபோன ஆலைகளின் சாமான்தான் வண்டி வண்டியாக வந்துகொண்டிருந்தது. முதல் நாளே அதில் ஒரு சக்கரத்தைத் தூக்கி நிறுத்திப் பல்லை எண்ணினார். உடையாத சக்கரம்.

"இது நம்ம ஆலைக்குச் சரியாப் பொருந்தும்ணா," என்றார்.

அன்றைக்கும் இரும்பு போதவில்லை. உடைங்க என்றேன்.