கிளிஞ்சல் மண்ணில் சுட்ட சட்டிகள்

போன்

சட்டி வெடித்துவிட்டது என்று போன் வந்தபோது நான் பொன்னேரி பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பேசியவர் சந்திரா, லைட்ஹவுஸ் குப்பம் மகளிர் குழுவில் ஒருவர்.

"சார், சம்பந்தி வூட்டுக்காரங்க சாப்புட வந்து உக்காந்துக்கினு கீறாங்க. எறா கொழம்பு கொதிக்கிறப்போ சட்டி அடியில பட்டுனு ஒரு சில்லு பேந்துட்சு. கொழம்பு பூரா அடுப்புல. இன்னா சட்டி சார் சுட்டுக் குடுத்தீங்க?"

நான் ஏதோ சமாதானம் சொன்னேன். மாலைக்குள் இதே மாதிரி இன்னும் ஐந்து போன் வந்தது. ஒரு வீட்டில் சட்டி அடுப்பிலேயே ஏறவில்லை. அலமாரியில் சும்மா இருந்ததே வாய் பிளந்து வெடித்திருந்தது.

சானிடரிவேர் கம்பெனி ஒன்றில் முப்பத்தோரு வருஷம் சூளை பார்க்கும் கில்ன் செக்‌ஷனில் இருந்து, சூப்பர்வைசராக ரிட்டையர் ஆனவன் நான். கம்பெனிக்கு வரும் மண் அரைத்து, சலித்து, டெஸ்ட் ரிப்போர்ட்டோடு மூட்டையில் வரும். மண் எங்கே வெட்டப்படுகிறது என்று ஒரு நாள்கூட நான் போய்ப் பார்த்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

சூளை கட்டியது

ரிட்டையர் ஆன பிறகு ஒரு தொண்டு நிறுவனம் என்னைக் கூப்பிட்டது. பழவேற்காட்டுப் பக்கம் மீனவப் பெண்கள் குழுவுக்கு விறகில் எரியும் சின்னச் சூளை ஒன்று கட்டி, மீன் குழம்புச் சட்டி செய்யப் பழக்க வேண்டும் என்றார்கள். வடிவம் பிடிக்கக் கற்றுத்தர ஒரு ஆசிரியை வந்துபோனார். சூளையும் சூடும் என் பொறுப்பு.

அங்கே இரண்டடி தோண்டினால் தண்ணீர் ஊறுகிறது. அதனால் விறகு எரியும் ஃபயர்பாக்ஸைத் தரைக்குக் கீழே வைக்க முடியாது. முழங்கால் உயரத்துக்கு மேடை கட்டி, அதன் மேல் இடுப்பளவு செங்கல் வட்டம் எழுப்பினோம். நடுவில் ஓட்டை விட்ட தளம். தளத்தின் மேல் சட்டி அடுக்க வேண்டும், கீழே சவுக்கு விறகு எரியும். சுவரைச் சுற்றிலும் உமி கலந்த மண் பூச்சு.

ஃபயர்பாக்ஸ் வாயைக் கிழக்கே வைக்கத்தான் கோடு போட்டிருந்தேன். அந்த வழியாக வந்த படகுக்காரர் ஒருவர் நின்று பார்த்து, "மத்தியானம் கடக்காத்து ஏறும் சார். வாய் கெயக்க பாத்து இருந்தா நெருப்பு ஒங்க பேச்சு கேக்காது" என்றார். உடனே வாயைத் தெற்கே மாற்றினேன். காற்றைப் பற்றி ஒரு ஆண் பிள்ளை போகிற போக்கில் சொன்னதைக் கேட்டுக்கொண்டேன். மண்ணைப் பற்றி ஒரு பெண் மூன்று தடவை சொன்னதைக் கேட்கவில்லை. இப்போது எழுதும்போது கூசுகிறது.

மண்

அந்தப் பெண் காசியம்மா. குழுவின் தலைவி, நாற்பது வயதிருக்கும். தோணிரேவு பக்கம் ஏரிக்கரையில் நான் எடுத்த மண்ணை அவர் விரலிடையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"சார், இது வாணாம். பொடிப் பொடியா கிளிஞ்சல் கீது."

"சலிச்சிட்டா போச்சு" என்றேன்.

"சல்லடையில நிக்காது சார், அவ்ளோ சன்னம். எங்க நைனா கிளிஞ்சல் சுட்டு சுண்ணாம்பு வித்தவரு. சுட்ட கிளிஞ்சல் மேல ஈரம் பட்டா இன்னா ஆவும்னு எனக்குத் தெரியும். காட்டூர் பக்கம் வயக்காட்டு மண்ணு நல்லா இருக்கும், ஒரு டிராக்டர் சொல்லலாம் சார்."

டிராக்டருக்கு ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். சூளைத் திறப்பு விழாவுக்கு நிறுவனத்து ஆபீஸில் தேதி குறித்துவிட்டார்கள், பெரிய அதிகாரி வருகிறார். நான் சிரித்துக்கொண்டே, "ஆயிரத்து இருநூறு டிகிரி பார்த்தவன்மா நான். கிளிஞ்சலுக்குப் பயப்படுவேனா?" என்றேன். மற்ற பெண்களும் சிரித்தார்கள். காசியம்மா சல்லடையை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார். நான் ஒரு தடவை சலிக்கச் சொன்ன மண்ணை அவர் மூன்று தடவை சலித்தார். கண்ணால் பார்த்தேன்.

முதல் சூடு

விடியற்காலையில் பற்றவைத்தோம். நான்கு மணி நேரம் வெறும் புகைச்சூடு, சட்டியின் ஈரம் போவதற்கு. பிறகு விறகைக் கூட்டினோம். சூடு அளக்கப் பைரோமீட்டர் கிடையாது, கண்தான். ஓட்டை வழியே பார்த்தால் சட்டிகள் நல்ல செம்பழுப்பிலிருந்து ஆரஞ்சு நிறத்துக்கு வந்துவிட்டன. மத்தியானம் வாயை அடைத்தேன். மறுநாள் பிரித்தபோது அறுபது சட்டியில் இரண்டுதான் விரிசல். கில்ன் தெரிந்தவர்களுக்குத் தெரியும், முதல் லோடிங்கிலேயே சேதம் இவ்வளவு குறைவது பெரிய விஷயம். அதிகாரி எனக்குச் சால்வை போர்த்தினார்.

சட்டிகளை இறக்கும்போது காசியம்மா பக்கத்தில் வந்து, "சார், எல்லாத்தியும் தண்ணில முக்கி வெச்சிடலாம். உள்ள கீற சுண்ணாம்பு ஒரேயடியா ஊறி எறங்கிடும். கொஞ்சங் கொஞ்சமா ஈரம் பட்டாத்தான் வெடிக்கும்" என்றார்.

விருந்தாளிகள் நிற்கிறார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "சுட்ட சட்டியைத் தண்ணியில போடுறதா? உன் வேலையைப் பாரும்மா" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். அவர் மற்ற சட்டிகளை இறக்கப் போனார்.

சட்டிகள் குழுப் பெண்களின் வீடுகளுக்குப் போயின. நான்காம் நாள் சந்திராவின் போன் வந்தது.

கூட்டம்

மறுநாள் குழுவைக் கூட்டினார்கள். ஆபீஸிலிருந்து ஒருவர் வந்திருந்தார். உடைந்த சட்டிகளைப் பாயில் பரப்பி வைத்திருந்தார்கள். ஒன்றை எடுத்துப் பார்த்தேன். சில்லு பெயர்ந்த குழியின் நடுவில், கடுகளவு வெள்ளைப் புள்ளி. அடுத்த சட்டியிலும் வெள்ளைப் புள்ளி. எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. கிளிஞ்சல் சூட்டில் சுண்ணாம்பாகி, கடற்காற்றின் ஈரத்தைக் குடித்து, ஊதி, சட்டியை உள்ளிருந்து தள்ளியிருக்கிறது. காசியம்மா சொன்னது அப்படியே நடந்திருந்தது.

தெரியாமல் செய்த தப்பு அதுவரைக்கும்தான். இனிமேல் சொல்வது தெரிந்தே செய்தது.

ஆபீஸ்காரர் கேட்டார், "என்ன சார் காரணம்?"

"மண்ணைச் சரியா சலிக்கலை" என்றேன். "சலிக்கிற வேலை யாரோடது?" என்று நானே கேட்டேன்.

எல்லோரும் காசியம்மாவைப் பார்த்தார்கள். அவர் எழுந்து வெளியே போனார். திரும்பி வரும்போது கையில் நான்கு சட்டிகள் இருந்தன.

"இத நாலும் அன்னிக்கு ஒங்களுக்குத் தெரியாம கெணத்துத் தண்ணில முக்கி வெச்சேன் சார். தெனமும் ஒலை வெக்கிறேன். ஒண்ணும் ஆவல."

நான்கும் முழுசாக இருந்தன. அவர் பக்கம் நியாயம் இருக்கிறது என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? நான் ஆபீஸ்காரரைப் பார்த்து, "பாருங்க, சொல்லச் சொல்லக் கேக்காம தண்ணியில போட்டிருக்காங்க. நாலுன்னு சொல்றாங்க, எத்தனை போட்டாங்களோ. அதான் சட்டியெல்லாம் பலமிழந்துடுச்சு" என்றேன்.

சந்திரா காசியம்மாவைப் பிடித்துக் கிழித்துவிட்டார். "சம்பந்தி முன்னாடி எங்க வூட்டு மானத்த வாங்கிட்டியே, நீ நல்லா இருப்பியா?" என்று கத்தினார். காசியம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து நோட்டில் எழுதுவதுபோல ஏதோ கிறுக்கினேன்.

ரிப்போர்ட்டிலும் அதையே எழுதினேன்: சலிப்பதில் கவனக்குறைவு, அனுமதியின்றி நீரில் நனைத்தது. ஆபீஸ் அவரைத் தலைவி பொறுப்பிலிருந்து எடுத்தது. பிறகு அவர் குழுவுக்கே வருவதில்லை என்று கேள்விப்பட்டேன்.

திரும்பிப் போனது

எட்டு மாதம் கழித்துப் போனேன். வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை என்பதுதான் காரணம். குழம்புச் சட்டியைக் கண்டாலே எனக்கு அந்தக் கூட்டம் ஞாபகம் வந்தது. காசியம்மா கடற்கரையில் வலை விரித்து நெத்திலி காயவைத்துக்கொண்டிருந்தார்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கிளிஞ்சல்தான் காரணம், அன்றைக்கே எனக்குத் தெரியும், உங்கள் மேல் பழி போட்டேன், மன்னிக்க வேண்டும் என்றேன். அவர் மீனைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

"இத எங்கிட்ட மட்டும் சொல்லி இன்னா சார் பிரயோசனம்? தோ, அங்க வலை பின்னிக்கினு கீறாங்க எல்லாரும். சந்திராவும் கீது. வாங்க, அவங்க கிட்ட சொல்லுங்க."

ஐம்பது அடி தூரம்கூட இருக்காது. "பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா, இன்னொரு நாள் கண்டிப்பா" என்றேன்.

"சரி சார். பஸ்ஸு போய்டும்" என்றார்.

பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்த அந்த ஒரு மணி நேரம்போல என்னை நானே வெறுத்தது கிடையாது.

அடுத்த வாரம் போய்ச் சொல்லிவிட்டேன். வலை பின்னும் கொட்டகையில் பதினைந்து பெண்கள், காசியம்மாவும் ஒரு ஓரமாக. மண்ணை எடுத்தது நான், தடுத்தது அவர், தண்ணீரில் போடச் சொன்னதும் அவர், பொய் சொன்னது நான் என்று வரிசையாகச் சொன்னேன். ஆபீஸுக்கும் இதையே எழுதிக் கொடுத்துவிட்டேன் என்றும் சொன்னேன். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

சந்திராதான் முதலில் அழுதார். "யக்கா, ஒன்ன இன்னான்னாவோ பேசிட்டனே. அன்னிக்கு ராத்திரி பூரா நீ அழுதேன்னு ஒங்க வூட்டுக்காரரு சொன்னாரு. நான் பேசனதுக்குத்தான அழுத?"

"நீ பேசனதுக்கு இல்லடி" என்றார் காசியம்மா. "மூணு தபா சலிச்சேன். எனக்கு நல்லாத் தெரியும். ஆனா இவ்ளோ படிச்சவரு, முப்பது வருசம் சூளை பாத்தவரு சொல்றாரே, ஒருவேள நான்தான் எங்கியோ கோட்ட வுட்டுட்டனோன்னு எனக்கே தோணிப்போச்சு. அதுக்குத்தான் அழுதேன். இத்தினி நாளும் அதையேதான் யோசிச்சிக்கினு இருந்தேன்."

அவர் பதவியைத்தான் கெடுத்தேன் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

கில்ன் வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு இரண்டு விஷயம். கடலோர மண் என்றால் முதலில் ஒரு சின்ன வில்லை சுட்டு, ஒரு வாரம் ஈரக்காற்றில் வைத்துப் பாருங்கள். தப்பு உங்களுடையது என்று தெரிந்தால், அதே கூட்டத்தில், எழுந்து போவதற்கு முன் சொல்லிவிடுங்கள். நான் சொல்ல எட்டு மாதம் ஆனது. அத்தனை நாளும் ஒரு பெண், சரியாக வேலை செய்த தன் கையைத் தானே நம்பாமல் இருந்தார்.