பச்சைப் பூஞ்சணம் பிடித்த கோதுமை

தொண்ணூறுகளின் நடுவில், ரொறன்ரோவுக்கு வந்த இரண்டாவது வருடம், மார்க்கம் பக்கத்தில் ஒரு கிரீன்ஹவுஸில் எனக்கு வேலை கிடைத்தது. நான் குடியிருந்த வெக்ஸ்போர்ட்டில் இருந்து இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். அங்கே எக்கினேசியா என்ற ஊதாப்பூச் செடி வளர்த்தார்கள். தடிமன், சளிக்கு அதன் வேரில் மருந்து செய்வார்களாம்.

அந்த மார்ச் மாதம் நாற்றுகளில் நோய் விழுந்தது. நேற்று நிமிர்ந்து நின்றது இன்று தண்டின் அடி கறுத்து, நூல் மாதிரி மெலிந்து சரிந்து கிடக்கும். தட்டுத் தட்டாகக் கொண்டுபோய்க் கொட்டினோம். இப்படியே போனால் ஆட்களைக் குறைக்க வேண்டிவரும் என்று முதலாளி சொல்லிவிட்டார். கடைசியாகச் சேர்ந்தவள் நான்.

மருந்துச் செடிக்குக் கண்டபடி இரசாயனம் அடிக்க அவருக்கு விருப்பமில்லை. பல்கலைக்கழகத்தில் இருந்து ஒரு ஆராய்ச்சிப் பெண்ணை வரவழைத்தார். அந்தப் பெண் பரிசோதனைக்கென்று ஒரு பையை வைத்துவிட்டுப் போனது எனக்குத் தெரியாது. மண் கலக்கும் மேசையைத் துப்புரவாக்கப் போனால், பை நிறையக் கோதுமை, அதெல்லாம் பச்சைப் பூஞ்சணம். நோய் இதில் இருந்துதான் வருகிறது என்று முடிவே கட்டிவிட்டேன். பையைக் குப்பைத் தொட்டியில் எறிந்து, மேசையை பிளீச் போட்டுத் தேய்த்தேன். நல்ல வேலை செய்த திருப்தி வேறு.

அடுத்த நாள் காலை அந்த ஆராய்ச்சிப் பெண் வந்து பையைத் தேடினார். நான் எறிந்தது அவருடைய பை என்று அப்போதுதான் விளங்கியது. எங்கள் மேற்பார்வையாளர் யாழ்ப்பாணத்துக்காரர், அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். முதல் நாள் நான் எறிந்ததைப் பார்த்திருந்தவர், மெல்லக் கிட்ட வந்தார்.

"தங்கச்சி, பையை எறிஞ்சதை ஒருத்தருக்கும் சொல்லாதையும். பிறகு வேலை போயிடும்."

ஆனால் அந்தப் பெண் மேசைக்கு அடியில் முழங்காலில் நின்று தேடுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. தெரிந்த இங்கிலீஷில் சொல்லிவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. குப்பை எடுத்தாயிற்றா என்று மட்டும் கேட்டார். பனிக்குள் ஓடினோம். லொறி இன்னும் வரவில்லை. தொட்டிக்குள் பாதி உடம்பை விட்டு அவரே பையை இழுத்தெடுத்தார். கிழிந்து, கால்வாசிதான் மிஞ்சியிருந்தது. அந்தப் பச்சைப் பூஞ்சணம்தான் நாற்று நோய்க்கு அவர் கொண்டுவந்த மருந்தாம். இரவுக் குளிரில் அது செத்திருக்காதா என்று கேட்டேன். சாகாது என்று சொல்லி, பையை என் கையிலேயே தந்து மண்ணோடு கலக்கச் சொன்னார். பன்னிரண்டு தட்டுகளுக்குத்தான் போதுமாக இருந்தது.

மூன்று கிழமையில் மற்றத் தட்டுகள் வழுக்கையாகிப் போயின. நான் கலந்த தட்டுகளில் அங்கொன்றும் இங்கொன்றும் சரிந்ததே தவிர, மிச்சமெல்லாம் அடர்ந்து நின்றன.

பிறகு ஒரு நாள் அந்தப் பெண் மைக்ரோஸ்கோப் ஒன்றைக் கொண்டுவந்து, என் தட்டு மண்ணில் கொஞ்சம் வைத்து, என்னை முதலில் பார்க்கச் சொன்னார். தடித்த இழை நாற்றைக் கொல்லும் பூஞ்சணம். மெல்லிய இழை நான் எறிந்தது. பந்தல் கம்பியில் பாகற்கொடி சுற்றுவதுபோல, மெல்லியது தடித்ததைச் சுற்றிச் சுற்றி இறுக்கியிருந்தது. சுற்றிய இடமெல்லாம் தடித்த இழை உள்ளே ஒன்றுமில்லாமல் வெறும் கூடாகிக் கிடந்தது. அண்ணையும் குனிந்தார், கனநேரம் நிமிரவில்லை.

"உது அதைத் தின்னுதே?"

"ஓம் அண்ணை" என்றேன்.

என் வேலை போகவில்லை. அடுத்த வருடம் எல்லாத் தட்டுகளுக்கும் அதையே கலந்தோம், கலக்கும் பொறுப்பு எனக்கு. அன்றிலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளினாலும், அதற்குள் எங்கள் பக்கம் நின்று சண்டை பிடிப்பது எதுவோ, தெரியாமல் அதையும் எறிந்துவிடுவேனோ என்று கை ஒரு கணம் தயங்கத்தான் செய்கிறது.