தங்கச் சுரங்கத்துக் கயிற்றின் துண்டு

தங்கச் சுரங்கக் கம்பெனியில் வேலை என்று சொன்னால் தாராவியில் சிரிப்பார்கள். "ஏலே, நகத்தக் காட்டு, தங்கம் ஒட்டியிருக்கான்னு பாப்போம்" என்பார்கள். என் நகத்தில் இருந்தது கிரீஸ்தான். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட எனக்கு செம்பூரில் இருந்த கிளை ஆபீசில் பியூன் வேலை. சுரங்கம் தெற்கே, ஒரு ராத்திரி ரயிலுக்கும் ஒரு பஸ்ஸுக்கும் அப்பால். அங்கே பூமிக்குள் இறங்கிக் கல் உடைத்துக்கொண்டிருந்தார் என் அக்காவின் கணவர். அத்தான் சொல்லித்தான் என்னை பம்பாய் ஆபீசில் எடுத்துக்கொண்டார்கள்.

எண்பதுகளின் நடுவில் கம்பெனிக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது. கல்லில் பொன் குறைந்துபோனது. ஆழமாகத் தோண்டினால் கிடைக்கும் என்றார்கள். தோண்டினால் தண்ணீர் வந்தது. தண்ணீரை இறைக்க கரண்ட் வேண்டும், கரண்ட் பில் கட்ட பொன் வேண்டும். ஆபீசில் யாரும் இதைத் தாண்டி ஒன்றும் பேசியதாக எனக்கு ஞாபகம் இல்லை. பாங்கிலிருந்து ஆள் வந்தால் நான் கிங்ஸ் சர்க்கிளுக்கு ஓடி இட்லியும் காபியும் வாங்கி வருவேன். சாப்பிட்டுவிட்டு, "பார்க்கலாம்" என்று எழுந்து போவார்கள். அந்த 'பார்க்கலாம்' கேட்டுக் கேட்டு எனக்கு இட்லியைக் கண்டாலே வெறுப்பாகிவிட்டது.

ஆபீஸ் வேலைகளில் எனக்கென்று ஒன்று இருந்தது. ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டு இரும்புக் கம்பிக் கயிற்றில் தொங்குகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூண்டுப் பக்கத்து நுனியில் ஒரு துண்டு வெட்டிச் சோதிக்க வேண்டும் என்பது சட்டம். அந்தத் துண்டு சாக்கில் சுற்றி ரயிலில் வரும். நான் தாதர் ஸ்டேஷனில் எடுத்து, தோளில் போட்டு, மாட்டுங்காவில் ஒரு சோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோவேன். அங்கே மிஷினில் இரண்டு பக்கமும் பிடித்து அறும்வரை இழுப்பார்கள். அது அறும்போது ஒவ்வொரு முறையும் நான் இரண்டடி பின்னால் நகர்ந்துவிடுவேன். அதே கயிற்றில்தானே அத்தான் தொங்குகிறார்.

சுரங்கத்து ஆட்களுக்கு ஒரு வழக்கம். கயிற்றை வெட்டும் அன்று தேங்காய் உடைத்து, வெட்டிய துண்டுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்துத்தான் அனுப்புவார்கள். சோதனைக்கூடத்து மராட்டிக்காரர் அந்தக் குங்குமத்தைப் பார்த்ததும், "ஆவோ அண்ணா, நயி பஹூ ஆயி க்யா?" என்று கேலி செய்வார். புது மருமகள் வந்துவிட்டாளாம்.

அந்த வருஷம் மருமகள் சீக்கிரம் அறுந்தாள். மிஷினின் முள் ஏற வேண்டியதில் பாதிகூட ஏறவில்லை. மராட்டிக்காரர் சிரிக்கவில்லை. முள் நின்ற எண்ணை எழுதிக் கையில் கொடுத்தார்.

எங்கள் மேனேஜர் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டுச் சுரங்கத்துக்கு டிரங்கால் போட்டார். டிரங்காலில் ரகசியம் பேச முடியாது, தொண்டை கிழியக் கத்தினால்தான் அந்தப் பக்கம் கேட்கும். ஆபீஸ் முழுக்கக் கேட்டது. "புதுக் கயிறா? அட்வான்சுக்கு எங்கே போறது? பாங்க்காரன் இந்த சர்டிபிகேட்டைப் பாத்துட்டுத்தான் லோன் குடுப்பேங்கறான்! கூண்டுப் பக்கம் வேண்டாம், உருளைப் பக்கத்து முனையிலேர்ந்து வெட்டி அனுப்புங்கோ!"

மேலே கயிற்றைச் சுற்றி வைக்கும் உருளைப் பக்கத்து முனை சுற்றினபடியே கிடப்பது. தேயவே தேயாது. அது எனக்கே தெரியும்.

"சார், எங்க அத்தான் அதுலதான் எறங்குறாரு" என்றேன்.

"உனக்கு என்னடா தெரியும்? லோன் வந்தா புதுக் கயிறு வரப்போறது. லோன் வரலைன்னா உங்க அத்திம்பேருக்கு வேலையே இல்லை. போய் காபி வாங்கிண்டு வா."

போனேன். போகாமல் என்ன செய்ய?

இரண்டாவது துண்டு வந்தது. புதுசு போலப் பளபளத்தது. மராட்டிக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆஜ் டீக்கா நஹீ லகாயா?" என்றார். இன்றைக்குப் பொட்டு இல்லையாம். அப்போதுதான் கவனித்தேன். குங்குமம் இல்லை. மஞ்சளும் இல்லை. அப்படியென்றால் ஆட்களுக்குத் தெரியாமல் வெட்டியிருக்கிறார்கள். அத்தானுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாமல் தினமும் கூண்டில் ஏறிக்கொண்டிருக்கிறார்.

மிஷின் முள் ஜம்மென்று ஏறியது. பாஸ்.

நான் நேரே தபாலாபீசுக்குப் போனேன். கயிறு என்று தந்தியில் எழுத முடியாது. சுரங்கத்துக்கு வரும் தந்தியை முதலில் படிப்பது அங்கே உள்ள ஆபீஸ்தான். 'அம்மா சீரியஸ். உடனே வரவும்' என்று அடித்தேன்.

அக்காவும் அத்தானும் அலறியடித்துக்கொண்டு தாராவிக்கு வந்து சேர்ந்தார்கள். அம்மா வாசலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கென்னலே கொள்ள? நான் குத்துக்கல்லாட்டம்லா இருக்கேன்" என்று என்னைப் பார்த்து முறைத்தாள்.

நான் கயிற்று விஷயத்தை மூச்சுவிடாமல் சொன்னேன். அத்தான் பெட்டியைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"மாப்ள, ஒனக்கு மண்டையில ஏதாவது இருக்கா? எங்களுக்குத் தெரியாதுன்னா நெனச்ச? அந்தத் துண்ட வெட்டுனதே நாங்கதான்."

"அப்ப ஏன் குங்குமம் வைக்கல?"

"பொய்க்கு எவம்லே குங்குமம் வைப்பான்? ஆத்தா கண்ண அவிச்சிருவா."

"தெரிஞ்சுமா ஏறுறீங்க? அறுந்துட்டா?"

"அறுந்தா அறுந்த அன்னைக்குப் பாத்துக்கிடலாம். கூண்டு நின்னா இன்னைக்கே பசிக்கும்லா. ஒங் கம்பெனி கயிறும் வாங்காது, சம்பளமும் தராது. நாங்க என்ன, தங்கத்தையா திங்க முடியும்?"

அவர் சொன்னது சரிதான். சரியாக இருந்ததால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. சாகிற ஆட்களையே கையெழுத்துப் போட வைக்கிற மாதிரி ஒரு ஏற்பாடு. இதைச் செய்தவன் ஏசியில் உட்கார்ந்து காபி குடிக்கிறான், அதையும் நான்தான் வாங்கிக் கொடுக்கிறேன்.

கயிற்று விஷயம் அக்காவுக்கு அப்போதுதான் தெரியும். "அறுந்தத நீ கண்ணால பாத்தியாலே?" என்று கேட்டாள். "பாத்தேங்க்கா" என்றேன். எழுந்தாள். அத்தான் கையிலிருந்த பெட்டியைப் பிடுங்கிப் பக்கத்து வீட்டில் வைத்துப் பூட்டச் சொன்னாள். சண்டை, கூச்சல், தெருவே கூடியது. அவள் அசையவில்லை.

லீவு முடிந்தும் திரும்பிப் போகாததற்கு அத்தான் பெயரை அடித்துவிட்டார்கள். மேனேஜரே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "ஆளைக் குறைக்கணும்னு மேலிடத்துல சொல்லிண்டே இருந்தா. உங்க அத்திம்பேர் தானாவே குறைஞ்சுட்டார்." சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பை இன்னும் நான் மன்னிக்கவில்லை.

அந்த சர்டிபிகேட்டைக் காட்டி லோன் வாங்கினார்கள். புதுக் கயிறு வரவில்லை. கரண்ட் பாக்கிக்குப் பாதி போயிற்று. மீதியில் பாங்க்காரர்கள் வந்து தங்குகிற பங்களாவுக்கு வெள்ளையடித்தார்கள். சுரங்கம் மூடப்படும்வரை அந்தப் பழைய கயிறுதான். மூடியதுகூடக் கயிற்றால் அல்ல, பொன் இல்லாமல். எங்கள் ஆபீசும் அதோடு போயிற்று.

கயிறு கடைசிவரை அறவில்லை. அதுதான் என் தலையெழுத்து. அத்தான் தாராவியில் தோல் கிடங்கில் மூட்டை தூக்கினார். சாயங்காலம் சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்து, அக்கம்பக்கம் கேட்க, "மாப்ள, ஒங் கயிறு அறுந்திருச்சா?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். பயந்தாங்கொள்ளி, பிழைப்பைக் கெடுத்தவன் என்று பெயர் எனக்கு.

ஒருநாள் என்னால் தாங்க முடியவில்லை. "அப்ப அறுந்திருக்கணும்ங்கீங்களா?" என்று கேட்டேன்.

அவர் நிதானமாகச் சோற்று உருண்டையை உருட்டிக்கொண்டே, "அறுந்திருந்தா ஒங்க அக்காளுக்கு நஷ்டஈடாவது கெடச்சிருக்கும்லா" என்றார். வழக்கம்போல் அக்கம்பக்கம் சிரித்தது.

"எதுல இருந்து அத்தான்? எதுல இருந்து குடுப்பான், கயிறு வாங்கவே காசில்லாதவன்?" என்று கத்தினேன்.

பக்கத்து வீடுகளில் சிரிப்பு நின்றது. நிற்கட்டும் என்று நான் கை கழுவ எழுந்தேன்.