அக்காவுக்குக் கொண்டுபோன அரிசி

விலை சொல்ல வேண்டி வந்தால் பஞ்சநதம் ஆளைப் பார்க்க மாட்டார். சுவரில் மாட்டியிருக்கும் செஞ்சடையப்பர் படத்தைப் பார்த்துத்தான் சொல்வார். "சாமியா அரிசி வாங்கப்போவுது? எங்களப் பாத்துச் சொல்லுங்கண்ணே" என்று பெண்கள் கிண்டல் செய்வார்கள். அவரும் சிரிப்பார். கண் மட்டும் படத்தை விட்டு இறங்காது.

திருப்பனந்தாள் கடைத்தெருவில் அவர் அரிசிக்கடை போட்டு இது மூன்றாவது வருஷம். சொந்த வயலில் விளைந்ததை அரைத்து அவரே விற்கிறார். "முன்னெல்லாம் ஏவாரி சொன்னதுதான் வெல. நாம தலய ஆட்டிட்டு நிப்போம்" என்பார். இப்போது பிள்ளைகளின் படிப்பு தடையில்லாமல் நடக்கிறது. வீட்டுக்கு ஃபிரிஜ்கூட வந்துவிட்டது. ஆனாலும் செல்போனில் பணம் வந்ததைச் சொல்லும் பெட்டி கல்லாவின் மேலிருந்து உரக்கக் கூவினால், ஊர்க்காரர் யாராவது தெருவில் போகிறார்களா என்று எட்டிப் பார்த்துக்கொள்வார். எடை போட்ட பிறகு ஒரு கை அரிசி கூடுதலாகப் போடாவிட்டால் அவருக்கு மனசு ஆறாது.

ஏக்கமெல்லாம் பேராவூரணியில் வாழ்க்கைப்பட்ட அக்கா தங்கம்மாளைப் பற்றித்தான். தாயில்லாத பிள்ளையை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். தம்பி கடை போட்டதிலிருந்து அவர் பொங்கல் சீரில் கரும்பையும் மஞ்சள்கொத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு அரிசியைத் திருப்பிவிடுகிறார்.

"நாங்களுந்தான் தேங்கா விக்கிறோம். ஏவாரி தோப்புக்கு வந்து எடுத்துட்டுப் போறான். ஒன்ன மாதிரி தெருவுல தராசு வச்சுக்கிட்டா ஒக்காந்திருக்கோம்? கடையில கெடந்தது சரக்குடா, சீர் இல்ல."

இந்தப் பொங்கலுக்கு மனைவி மங்களாம்பிகை ஒரு வழி சொன்னாள். "ஏங்க, வயல்லேருந்து நேரா வந்ததுன்னு சொல்லிடுங்க. யாரு வந்து பாக்கப்போறா?"

பஞ்சநதம் கடை மூட்டையைப் பிரித்துப் புதுத் துணிப்பையில் நிரப்பிக்கொண்டு பஸ் ஏறினார்.

அக்கா வாசலுக்கு வந்தார். சீர் அரிசியை வாங்குகிறவர்கள்தாம் கொண்டுவந்தவர் தோளிலிருந்து கைகொடுத்து இறக்க வேண்டும். அது அவர்கள் குடும்ப வழக்கம்.

"கடைச் சரக்கா, வயல் அரிசியா?"

"கடைலேருந்துதான்க்கா எடுத்தேன். வெளஞ்சது அப்பா உழுத வயல்லதான்."

பையை இறக்க நீண்ட அக்காவின் கை பாதியில் நின்றது. அக்கா அவர் முகத்தையே பார்த்தார். "எளச்சுப் போயிட்டியேடா" என்றார். பையைத் தொடவில்லை.

பஞ்சநதம் அதைத் தானாக இறக்கி வைக்கவுமில்லை, திரும்பிப் போகவுமில்லை. வலத்தோளிலிருந்து இடத்தோளுக்கு மாற்றிக்கொண்டு படியிலேயே நின்றார்.