பத்தைக் கழித்த கை

நர்ஸ் லெசியேலி இரத்த அழுத்தம் பார்க்கும் விதமே தனி. புஜத்தில் பட்டையைச் சுற்றி, காற்றடிக்கும் பந்தை அமுக்கி, பாதரசம் இறங்குவதைக் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பாள். பேனா மூடியைப் பல்லால் கழற்றுவாள். ஒரு கணம் நிதானித்து, கண்ட எண்ணில் பத்தைக் கழித்து நோட்டில் எழுதுவாள்.

காரணம் இல்லாமலில்லை. டோங்கா நாட்டின் வவாவு தீவுக்கூட்டத்தில், கடைக்கோடித் தீவில் அவள் வேலைபார்த்த சிறு மருத்துவ நிலையத்தில் இருந்தது ஒரே பட்டை, அதுவும் சிறியது. டோங்காப் பெண்களின் பெருத்த புஜத்தில் அது இறுகிப் பிடித்து, இல்லாத அழுத்தத்தைக் காட்டும். பெரிய பட்டை கேட்டு நாலு வருடமாகக் கடிதம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இது கையா, ஈரப்பலா மரமா?" என்பாள்.

"பொம்மைக்குத் தச்ச பட்டைய வச்சுக்கிட்டு எங்களச் சொல்றியாக்கா?" என்று பெண்கள் சிரிப்பார்கள்.

தேவாலயத்தில் பாடும் கலோலைனேக்கு முதல் பிள்ளை, எட்டாம் மாதம். நூற்று நாற்பதைத் தாண்டினால் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். அன்று நூற்று நாற்பத்தெட்டு காட்டியது. நூற்று முப்பத்தெட்டு என்று எழுதினாள் லெசியேலி.

"கால் வீங்கியிருக்கேக்கா?"

"எட்டு மாசத்துல வீங்காத காலு எந்தக் காலுடி? நல்லாத்தான் இருக்கே, போய்ப் பாடு."

அடுத்த ஞாயிறு, இரண்டாவது பாட்டின் நடுவில் கலோலைனே சரிந்தாள். கண் மேலே செருக, உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. லெசியேலி ஓடிப்போய் வலிப்புக்கான ஊசியை எடுத்துவந்து போட்டாள். புருஷன் விலியாமி படகை விரட்டினான். பெரிய தீவில் இருந்த நெயாஃபு ஆஸ்பத்திரியில் ஓர் இளம் நர்ஸ் பட்டையைச் சுற்றினாள். அதே சிறிய அளவு. நூற்று எழுபத்தாறு.

"பத்து கழிச்சுக்கோம்மா," என்றாள் லெசியேலி, வாய்ப் பழக்கத்தில்.

"எதுக்குக் கழிக்கணும்? இவங்களுக்குப் பட்டை சரியாத்தானே இருக்கு."

லெசியேலி குனிந்து பார்த்தாள். மெலிந்த கை. பட்டை அதைச் சுற்றி வந்து, நுனி மிச்சமாய்க் கிடந்தது. ஏழு மாதமாக அவள் தொட்ட கை. ஒரு தடவைகூடப் பார்க்காத கை. எழுதிய எண்கள் ஒவ்வொன்றாய் நினைவுக்கு வந்தன, ஒவ்வொன்றும் பத்துக் குறைவாக.

வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்தார்கள். இரண்டு உயிரும் தப்பின. மூன்றாம் நாள் இதயத்தைப் படம் எடுத்த டாக்டர், "பல வாரமா இந்த அழுத்தத்தோட மல்லுக்கட்டியிருக்கு, பாருங்க, சுவரே தடிச்சுப்போச்சு," என்றார்.

மீதியை வராந்தாவில் விலியாமியிடம்தான் லெசியேலி கேட்டறிந்தாள். கலோலைனே ஒரு மாதமாகப் படுக்கவில்லை. படுத்தால் மூச்சு முட்டும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் தூங்கினாள்.

"ஏன் தம்பி எங்கிட்ட சொல்லல?"

"உங்ககிட்ட சொல்லிரலாம்னுதான் அவகிட்ட சொன்னேன்க்கா. 'அக்கா நோட்டுல நல்லா இருக்குன்னு எழுதியிருக்காங்க, சும்மா கெட'ன்னுட்டா."