மூன்று வருடப் பத்தியம்

கல்யாணமான இரண்டாம் வருடத்தில் என் வீட்டுக்காரருக்கு வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. சீதமும் ரத்தமுமாகப் போகும். அப்போது அவர் அறந்தாங்கிக்கும் புதுக்கோட்டைக்கும் ஓடிய பஸ்ஸில் கண்டக்டர். நடுவழியில் விசிலடித்து வண்டியை நிறுத்திவிட்டுக் கருவைப் புதருக்குப் பின்னால் ஓடுவார். முதலில் சிரித்த பயணிகள் பிறகு திட்ட ஆரம்பித்தார்கள். ஒரு நாள் கால்சட்டையிலேயே ஆகிவிட்டது. அதன்பிறகு அவர் வேலைக்குப் போகவில்லை.

உள்ளூர் வைத்தியர் கிராணிக் கழிச்சல் என்றார். பால், மோர், முட்டை, மீன், கீரை எதுவும் கூடாது. கஞ்சியும் உப்பும் மட்டும். வெயில் மேலே படக்கூடாது. நான் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை.

மீமிசலிலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாளின் குரல் கேட்டால் உள்ளேயிருந்து கெஞ்சுவார்.

"ஒரே ஒரு துண்டு ஆக்கிக் குடு புள்ள. நாக்கு செத்துப்போச்சு."

"ஒங்களுக்கு ஆகாதுங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்துவேன். நானும் மீன் தின்பதை விட்டுவிட்டேன்.

மூன்று வருடம் இப்படியே போனது. முதுகு வலிக்கிறது என்பார். படுத்தே கிடப்பதால் என்று நினைத்தேன். ஒரு காலையில் அரை வாளித் தண்ணீரைத் தூக்கக் குனிந்தவர் அலறிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பஸ்ஸில்தான் புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போனேன். வண்டி குழியில் இறங்கும்போதெல்லாம் என் கையைக் கடித்துக்கொண்டார்.

டாக்டர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முதுகெலும்பில் இரண்டு இடம் நசுங்கியிருந்தது. என் வீட்டுக்காரருக்கு அப்போது வயது முப்பத்துநாலு.

"என்னம்மா சாப்பாடு குடுக்குறீங்க?"

பத்தியத்தைப் பெருமையாகத்தான் சொன்னேன். டாக்டர் பேனாவை மூடினார்.

"புண்ணான குடலும்மா. தின்னுறதுலயே பாதி ஒடம்புல ஒட்டாது. நீங்க அதையும் நிறுத்திட்டீங்க. பாலு இல்ல, மீனு இல்ல, வெயிலும் இல்ல. எலும்பு எதை வச்சு நிக்கும்?"

மீன் எண்ணெய் கொடுத்தேன். முட்டை அவித்துக் கொடுத்தேன். தினமும் காலை வெயிலில் உட்காரவைத்தேன். ஆனால் ரத்தப்போக்கு நிற்கவில்லை. கூன் விழுந்து என் உயரத்துக்குக் குறுகிப்போனார். அடுத்த வருடம் கட்டிலிலிருந்து இறங்கும்போது தொடை எலும்பு முறிந்தது. அதன்பிறகு எழவில்லை. படுக்கைப் புண் வந்து, மழைக்காலத்தில் இறந்துபோனார்.

துக்கத்துக்கு வந்த அவருடைய அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

"நீ என்ன செய்வ ஆத்தா? வைத்தியரு சொன்னதத்தானே செஞ்ச."

ஆறுதலாகத்தான் சொன்னார். என்னால் அவரை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.